விப்பிங் போஸ்ட், ஃபில்மோர் ஈஸ்ட் 1971: உங்களுக்கு எந்த இடத்துல உறுத்துச்சு?

வண்ணாரப்பேட்டை வால்யூம்:
ஆல்மன் பிரதர்ஸ்னு அமெரிக்க ராக் பேண்டு, அவங்களோட அந்த 23 நிமிஷ வெர்ஷன்தான் பா, வேற எது. 1969ல ஸ்டூடியோல 5 நிமிஷ சொச்சத்துல முடிச்ச பாட்டை நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கு மேடைல இழுத்து, ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க அதுவே உக்காந்துக்குச்சுல்ல, அது. என் பிரச்சினை பத்தாவது நிமிஷம். அதுவரைக்கும் கிதார்ல டுவேன் ஆல்மன் ஒரு சோலோ, டிக்கி பெட்ஸ் ஒரு சோலோன்னு பிச்சு உதர்றாங்க, அப்புறம் திடீர்னு தாளத்தையே கீழ போட்டுட்றாங்க. மொட்டை மாடில ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், பெரியப்பா சின்டெக்ஸ் டேங்க்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு, கானா கச்சேரிக்கு டோலக்கு வாசிச்ச மனுஷன், பாட்டு ஆரம்பிச்சதுலேர்ந்து டேங்க் மேலயே தட்டிட்டு இருந்தாரு. அந்த இடம் வந்துச்சு, கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. "இன்னாடா, மேளக்காரன் டீ குடிக்க பூட்டானா?"ன்னாரு. சிரிச்சுட்டேன், ஆனா இப்போ எப்ப கேட்டாலும் அந்த இடத்துல எனக்கு அதுதான் கேக்குது. புட்ச் டிரக்ஸ், ஜெய்மோன்னு ரெண்டு டிரம்மர் வெச்சிருக்காங்க, ஒருத்தரும் முடிவெடுக்க மாட்றாங்க. கிதார் எதையோ தேடுது, கிடைக்கல, கிடைக்கலன்னு கேக்கற எனக்கே தெரியுது. ஊரே கொண்டாடுது, எனக்கு அந்த சில நிமிஷம் வழி தெரியாம நின்ன மாதிரிதான் இருக்கு.

காசிமேடு விடிகாலை:
வழி தெரியாமயா? நல்லா இருக்கே கதை. எங்க தெருவுல ஒரு சாவு, ராத்திரி முழுக்க கானா, நீயும் இந்த ஏரியாதான், தெரியாதா உனக்கு. 3 மணி இருக்கும், பாடிட்டு இருந்தவரு வரியை பாதில விட்டுட்டாரு. செத்தவரோட தம்பி எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பிச்சாரு, பாட்டும் இல்ல பேச்சும் இல்ல, அண்ணன் கடன் வாங்கினது, படகை வித்தது எல்லாம் வருது. டோலக்கு வாசிச்சவன் ரெண்டு உள்ளங்கையையும் தோல் மேல வெச்சு அழுத்திட்டான், சத்தமே வரக்கூடாதுன்னு. அவ்ளோ நேரம் அந்தக் கையை எடுக்கவேயில்ல. அந்தாளு சொல்லி முடிச்சு உக்காந்ததும் ஒரே அடி, மொத்த தெருவும் நிமிர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு அந்தப் பத்தாவது நிமிஷம் புரிஞ்சது. அந்த ரெண்டு டிரம்மரும் கை வெச்சு அழுத்திட்டு இருக்காங்க, முடிவெடுக்கலன்னு யாரு சொன்னது, அதுதான் முடிவு. உங்க பெரியப்பாவுக்குத் தெரியாததா, சும்மா உன்னை கலாய்ச்சிருப்பாரு.

கொருக்குப்பேட்டை லோக்கல்:
சண்டை போடுங்க, நான் என் கதையை சொல்லிட்டு கிளம்பறேன். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல வந்துட்டு இருந்தேன், வழக்கம்போல பேசின் பிரிட்ஜ்கிட்ட சிக்னல்ல நிப்பாட்டிட்டான், இயர்போன்ல ஒரு பக்கம் செத்துடுச்சு. அந்த ஆல்பத்துல ரெண்டு கிதாரும் ஆளுக்கொரு பக்கம் இல்லியா, அதனால டுவேன் சோலோ எங்கயோ தூரத்துல ஒழுகிட்டு இருக்கு, என் காதுல முழுக்க பெட்ஸ் மட்டும். அவரு பின்னாடி பண்றதை அன்னிக்குத்தான் கேட்டேன். சோலோ ஏற ஏற இவரு கோர்டை குறைச்சுக்கிட்டே வர்றாரு, ஒரு கட்டத்துல வெறும் வெட்டு மட்டும் விழுது. எல்லாரும் டுவேன் டுவேன்னு உருகறோம், 24 வயசுல அதே வருஷம் அக்டோபர்ல பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, அந்த சோகமும் சேர்ந்துக்குது, சரிதான். ஆனா இந்த ஒரு பாட்டுல எனக்கு பெட்ஸ்தான் பெரிய ஆளு. யாருக்காவது கோவம் வந்தா வரட்டும்.

பெரம்பூர் பேஸ்:
டுவேனை விட பெட்ஸா, சரி விடுங்க, அதை அப்புறம் பேசிக்கலாம். நான் இந்தப் பாட்டை வாசிச்சிருக்கேன், இங்கயே ஒரு ஹால்ல, சின்ன ஃபங்ஷன். அவங்க பேஸ் கிதார்காரர் பெர்ரி ஓக்லி மாதிரி பேஸ்ல தனியா நான்தான் ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சேன், சூப்பரா போச்சு, டிரம்ஸ் வந்துச்சு, முடிஞ்சுது சோலி. டிரம்ஸ் பையன் ஆரம்பத்தையே சுத்துக்கு பன்னெண்டு அடியா எண்ணிட்டான். நான் முன்னாடி போறேன், அவன் ஒரு அடி பின்னாடி வர்றான், பாடகர் மைக்கை வாய்கிட்ட வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறி பாக்கறாரு, வாயைத் திறக்கவே இல்ல. முன் வரிசைல ஒரு பாட்டி கைதட்டிட்டாங்க, முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு.

இது வாசிக்க நெனைக்கறவங்களுக்கு சொல்றேன், கேளுங்க. ஆரம்பம் சுத்துக்கு பதினொன்னு அடி. தகிட தகிட தகிட தக, அவ்ளோதான், மூணு மூணு மூணு ரெண்டு. கடைசி ரெண்டுல மூச்சு விட்டீங்க, செத்தீங்க, அங்கேர்ந்து நேரா அடுத்த தகிடல குதிக்கணும். பாட ஆரம்பிச்சதும் கடைசி தகவும் தகிடவாயிடும், பன்னெண்டு, அப்ப உடம்பு தானா இளகும், அந்த இளகல்தான் பாட்டே. எழுதிப் பாடின கிரெக் ஆல்மனுக்கே அது பதினொன்னுன்னு தெரியாது, அண்ணன் டுவேன் சொல்லித்தான் தெரிஞ்சதுன்னு அவரே சொல்லியிருக்காரு, அதனால தியரி தெரியலன்னு யாரும் பயப்பட வேணாம். மொதல்ல கைல தாளம் போட்டு வாயில சொல்லுங்க, சைக்கிள் ஓட்டும்போது சொல்லுங்க, பஸ்ல சொல்லுங்க, பக்கத்துல இருக்கவன் ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும். அப்புறம் மெட்ரோனோம், அந்த தாளம் தட்டற கருவி, மெதுவா. டிரம்மர் பேஸை பாத்து உக்காரணும், பாடறவனைப் பாத்து இல்ல. அந்த பத்தாவது நிமிஷ மேட்டரை மட்டும் காப்பி அடிக்காதீங்க, கூட்டத்துக்கு அது வெறும் டியூனிங் பண்ற மாதிரி இருக்கும். தாளம் போடாம ஒண்ணா நிக்கறதுக்கு வருஷக்கணக்கா ஒரே வேன்ல சுத்தியிருக்கணும்.

வண்ணாரப்பேட்டை வால்யூம்:
பெரம்பூர் பேஸ், நான் வாசிக்கறேன்னு எங்கயாச்சும் சொன்னேனா? காசிமேடு, நீ சொன்னதை யோசிச்சேன், மறுபடியும் போட்டும் கேட்டேன். சாவு வீட்ல அந்த தம்பிகிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயம் இருந்துச்சு. இங்க கிதார்கிட்ட என்ன இருக்கு? ஓரமா ரெண்டு நல்ல மெட்டு வருது, ஒத்துக்கறேன், கடைசில கிரெக் திரும்பி வந்து கத்தும்போது ரோமம் நிக்குது, அதுவும் ஒத்துக்கறேன். நடுவுல ஒரு மூணு நிமிஷம் வெட்டியிருக்கலாம்.

காசிமேடு விடிகாலை:
வெட்றதைப் பத்தி பேசாத. ரெக்கார்டு கடைசில கைதட்டலுக்கு நடுவுல டிரக்ஸ் டிம்பனியை, அந்த பெரிய மேளத்தை, உருட்ட ஆரம்பிக்கறாரு பாரு, அது அடுத்த பாட்டு மவுண்டன் ஜாம், மேடைல நிறுத்தவே இல்ல அவங்க. அங்க வால்யூமை இறக்கி முடிச்சுட்டாங்க. 1972ல அடுத்த ஆல்பத்துல விட்டாங்க, 33 நிமிஷம், அதையும் வெட்டி ரெண்டு பக்கமா. ரெண்டையும் சேர்த்து ஒரே மூச்சுல கேளு, அப்புறம் வா பேசலாம்.

வண்ணாரப்பேட்டை வால்யூம்:
இன்னும் 33 நிமிஷமா? எனக்கு காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு பா.