மறுவாசிப்பு நூல்கள் ஆண்டுக் கணக்கில் சேரவில்லை

இந்த ஆண்டு 40 நூல்கள் வாசிப்பதென்று ஜனவரி முதல் தேதியன்று இலக்கு வைத்தேன். இதுவரை 31 நூல்களை முடித்துவிட்டேன், ஆனால் வாசிப்புச் செயலியின் இலக்குப் பக்கம் மூன்று வாரங்களாக 27 என்றே காட்டுகிறது.

விடுபட்ட நான்கில் மூன்று நூல்கள், 2019ஆம் ஆண்டில் ஒருமுறை வாசித்து இப்போது மீண்டும் எடுத்தவை. அவற்றில் ஒன்றின் முடித்த தேதியை இந்த ஆண்டுக்கு மாற்றினால் எண்ணிக்கை 28 ஆகிறது. உடனே 2019ஆம் ஆண்டின் கணக்கில் ஒன்று குறைந்துவிடுகிறது. அன்று ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு இன்று வாதிட்டுக்கொண்டே வாசித்த நூல்கள் என்பதால், இரண்டு தேதிகளும் எனக்கு வேண்டும். நான்காவது நூலைப் பாதி ஒலிநூலாகவும் மீதி அச்சிலும் முடித்தேன், பதிப்புக்கொரு ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) இருப்பதால் வந்த குழப்பம் அது, நானே சரிசெய்துகொள்வேன்.

செயலியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தேன், கணினியிலும் திறந்து பார்த்தேன், வேறு பதிப்புக்கு மாற்றினேன்; பலனில்லை. ஒரு நூலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுச் சேர்த்தபோது என் மதிப்புரையும் சேர்ந்தே அழிந்துவிட்டது, ஆகவே அந்த வழியை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பழைய தேதியை இழக்காமல், ஒரே நூலின் இரண்டாம் வாசிப்பை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது எப்படி?