உதவி: பேண்டோட சேர்ந்தா என்ட கிட்டார் கோர்ட் எல்லாம் அடைச்சுக் கேக்குது (ஆட்டம் லீவ்ஸ்)

கல்லடிக் கிட்டார்:
எல்லாருக்கும் வணக்கம். கலியாண வீடுகள்ல பைலாவும் பழைய சினிமாப் பாட்டும் வாசிக்கிற சின்ன பேண்ட் எங்கட. கிட்டார், பேஸ், கீபோர்ட், ட்ரம்ஸ். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல்ல இராச்சாப்பாட்டு நேரம் ஜாஸ் வாசிக்கக் கேட்டிருக்காங்க. 'ஆட்டம் லீவ்ஸ்' எண்ட ஜாஸ் பாட்டில தொடங்கியிருக்கம், ஜீ மைனர்ல. வீட்டில தனிய வாசிக்கக்க நல்லா இரிக்கி. பேண்டோட சேர்ந்தா கோர்ட் (பல சுரம் சேர்த்து அடிக்கிறது) எல்லாம் மந்தமா, ஒண்டோட ஒண்டு குழம்பிக் கேக்குது. எல்லாம் பார் கோர்ட்தான் (ஒரு விரலால கம்பி எல்லாத்தையும் குறுக்கா அழுத்திப் பிடிக்கிறது), ஆறு கம்பியும் அடிக்கிறன். கிட்டார் ஸ்ட்ராட் மாடல், மூண்டு பிக்கப்பும் (கம்பி அதிர்வ ஆம்ப்புக்கு எடுக்கிற காந்தச் சுருள்) சிங்கிள் காயில். ஆம்ப்பும் ஒரே இரைச்சல்; கம்பியத் தொட்டா குறையுது. ஜாஸுக்கெண்டு வேற கிட்டார் வாங்கத்தான் வேணுமா?

கல்முனைக் காக்கா:
தம்பி, காச வீணாக்காதீங்க. கழுத்துப் பக்கத்து பிக்கப்பப் போட்டு, டோன அரைவாசிக்குக் குறைச்சு, கோரஸ், டிரைவ் எண்ட எஃபெக்ட் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்க.

புளியந்தீவு 4வது கம்பி:
மனே, டோன் பிறகு. முதல் உன்ட இடக்கையப் பாப்பம்.

பார் கோர்ட்ல ஆறு கம்பி அடிச்சா ரூட் (கோர்ட்டுக்குப் பேர் குடுக்கிற சுரம்) ரெண்டு மூண்டு தரம் வருது, அதில இருந்து எண்ணி அஞ்சாம் சுரமும் திரும்பத் திரும்ப வருது. ரூட்ட பேஸ்காரன் ஏற்கனவே வாசிக்கான். கீபோர்ட் இடக்கையும் அங்கதான் கிடக்கு. கீழ்ச் சுரங்கள் நெருங்கி வந்தா காதுக்குப் பிரிச்செடுக்க ஏலா. கோர்ட் மேஜரா மைனரா எண்டு சொல்றது 3ம் சுரம். எங்க போகப் பாக்குது எண்டு சொல்றது 7ம் சுரம். அந்த ரெண்டையும் மட்டும் வாசி, மிச்சத்த விடு.

மெல்லிய கம்பியில இருந்து எண்ணி 4வது கம்பியிலயும் 3வது கம்பியிலயும் மட்டும் விரல் வை. முதல் எண் 4வது கம்பி ஃபிரெட் (கழுத்தில உள்ள கட்டை), மற்றது 3வது கம்பி ஃபிரெட்:

சி மைனர் செவன்: 8, 8
எஃப் செவன்: 7, 8
பி ஃப்ளாட் மேஜர் செவன்: 7, 7
ஈ ஃப்ளாட் மேஜர் செவன்: 5, 7
ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ்: 5, 5
டி செவன்: 4, 5
ஜீ மைனர் செவன்: 3, 3

வடிவாப் பார். கோர்ட் மாறக்க ஒவ்வொரு தரமும் ஒரு சுரம் அப்பிடியே நிக்குது, மற்றது மட்டும் இறங்குது. டி செவன்ல இருந்து ஜீ மைனருக்கு வரக்கதான் ரெண்டும் சேர்ந்து இறங்குது, அதாலதான் அங்க பாட்டு வீடு வந்து சேர்ந்த மாதிரிக் கேக்குது. 1945ல ஜோசப் கோஸ்மா பிரான்சில போட்ட மெட்டு இது. இண்டைக்கும் ஜாஸ் படிக்க வாற பிள்ளைகளுக்கு முதல் குடுக்கிறது இதத்தான், காரணம் இந்த இறக்கம்.

வலக்கை: ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுத்துக்கு) நாலு அடி. ஒவ்வொரு அடியும் கட்டையா விழவேணும், அடிச்ச உடன இடக்கை அழுத்தத்த விடு, கம்பிய விட்டுக் கைய எடுக்காத. கவுண்ட் பேஸி எண்ட அமெரிக்க ஜாஸ்காரர்ர ஒகெஸ்ட்ராவில கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் 1937ல சேர்ந்து 1987 வரைக்கும் இந்த வேலையத்தான் செய்தவர். அவர் தனியா சோலோ வாசிச்சது மிச்சம் குறைவு. ஆனா அந்த பேண்டின்ர நடை அவர்ர கையில இருந்தது.

பைலாக் கை எண்டு கவலைப்படாத. எங்கட பறங்கியாக்கள்ர கலியாணத்தில வயலினோட கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு கிட்டார் அடிச்சு வளந்த கை என்ட. அந்த ஆறு-எட்டுத் தாளத்தில ஒவ்வொரு அடியும் மூண்டாப் பிரியும். நடுவில உள்ளத விட்டுப்போட்டு முதலாவதையும் மூண்டாவதையும் மட்டும் அடிச்சா, அதுதான் ஸ்விங், ஜாஸின்ர நடை. உனக்கு அது பாதி வந்திட்டு மனே.

அக்கரைப்பற்று வயரிங்:
இரைச்சலப் பத்தி. சிங்கிள் காயில் எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்ட்ட வாங்கி இரையும், அது அதின்ர இயல்பு. நிண்ட இடத்தில திரும்பிப் பாருங்க, ஒரு பக்கத்துக்குக் குறையும். ஸ்ட்ராட்ல ரெண்டு பிக்கப் சேர்ற இடத்தில, நடுவில உள்ளது எதிராச் சுத்தினதா இருந்தா, இரைச்சல் அடங்கும். கம்பியத் தொட்டா குறையுதெண்டா பிரிட்ஜுக்குப் போற எர்த் வயர் வேலை செய்யுது. தொட்டா கூடினாத்தான் கிட்டாரைத் திறந்து அந்த வயரப் பாக்க வேணும்.

அதவிட முக்கியம்: மைக்கில உதடு பட்டு ஷொக் அடிச்சா வாசிக்கிறத உடன நிப்பாட்டுங்க. மிக்ஸரையும் ஆம்ப்பையும் எர்த் சரியா உள்ள ஒரே இடத்தில இருந்து எடுங்க. வாசிக்கிற மண்டபத்துப் பிளக்க எலக்ட்ரீஷியன் ஒராளக் கொண்டு செக் பண்ணுங்க. இரைச்சலுக்காக பிளக்கின்ர எர்த் பின்ன ஒருநாளும் கழட்டாதீங்க, உசிர் போற விசயம்.

கல்முனைக் காக்கா:
கடற்காத்துக்கு ரவுண்ட்வூண்ட் கம்பி (உருண்டைக் கம்பி சுத்தினது) கெதியாக் கறுக்கும். கிடைச்சா ஃப்ளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுத்தினது) 11 அளவு செட் போடுங்க. விரல் கீச்சுச் சத்தமும் நிக்கும், ஜாஸுக்குத் தேவையான அந்த உருண்ட சத்தமும் வரும். வாசிச்சு முடிய துடைச்சு வைங்க.

கல்லடிக் கிட்டார்:
அங்கிள், ரெண்டு கம்பியோட பேண்ட்ல வாசிச்சன். பேஸ் அடிக்கிற பொடியனே "இப்ப நீ அடிக்கிறது கேக்குது" எண்டான். திரும்பினா ஆம்ப் இரைச்சலும் குறையுது, சொன்ன மாதிரியே. இன்னொரு சந்தேகம். கடைசிப் பகுதியில ஜீ மைனருக்குப் பிறகு என்ட தாள்ல சி செவன் கிடக்கு. கீபோர்ட் அண்ணா ஜீ ஃப்ளாட் செவன் எண்டு நிக்கார். ஆர் சரி?

புளியந்தீவு 4வது கம்பி:
ரெண்டு பேரும் சரி. சி செவன்ட 3ம் சுரம் ஈ, 7ம் சுரம் பி ஃப்ளாட். ஜீ ஃப்ளாட் செவன்ல 3ம் சுரம் பி ஃப்ளாட், 7ம் சுரம் ஈ. அதே ரெண்டு சுரம் இடம் மாறி நிக்குது. நீ 4வது கம்பியில 2, 3வது கம்பியில 3 பிடி. ரெண்டுக்கும் அதுதான் கோர்ட். அடுத்து எஃப் மைனர் 1, 1. பிறகு பி ஃப்ளாட் செவனோ ஈ செவனோ, எது வந்தாலும் 4வது கம்பி திறந்தபடி, 3வதில 1. ஈ ஃப்ளாட் மேஜருக்கு ரெண்டும் திறந்தபடி. முடிவு எடுக்க வேண்டிய ஆள் பேஸ் அடிக்கிற பொடியன். ஜீ, ஜீ ஃப்ளாட், எஃப், ஈ எண்டு ஒவ்வொரு ஃபிரெட்டா இறங்கப் போறானா, சி சுரத்துக்குப் பாயப் போறானா எண்டு அவனிட்டக் கேட்டு, கீபோர்ட்காரரையும் அதோடயே போகச் சொல்லு.