வியாழக்கிழமை மீட்டிங், கையெழுத்துப் போடலாமா? பையனைத் தனி வகுப்புக்கு மாற்றச் சொல்கிறார்கள்

தூக்கமில்லாஅம்மா

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. பையன் முதல் வகுப்பு. பேச்சு தாமதம். சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். வரும் வியாழக்கிழமை பள்ளியில் மீட்டிங். போன வாரம் போனில் பேசியவர், "அவனுக்கு இந்தப் பள்ளி சரிப்படாது, பக்கத்துப் பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறது, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்றார். ஊரில் வாங்கிய டாக்டர் ரிப்போர்ட்டையும் யூ.டி.ஐ.டி. அட்டையையும் (இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டினேன். இந்திய ரிப்போர்ட் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். கணவரோ, "எதிர்த்துப் பேசாதே, விசாவுக்குச் சிக்கல் வரும், பேசாமல் போட்டுவிடு" என்கிறார். நல்ல வக்கீல் யாராவது தெரியுமா? கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளியை விட்டே நிறுத்திவிடுவார்களா?

டாலஸ்_சுப்பு

பயப்படாதீர்கள் சகோதரி. இதற்குப் பெயர் ஏ.ஆர்.டி. மீட்டிங், பிள்ளையின் சிறப்புக் கல்வியைப் பற்றிப் பள்ளியும் பெற்றோரும் உட்கார்ந்து முடிவு செய்வது. உடன்பாடு இல்லை என்று சொன்னால் 10 பள்ளி நாளுக்குள் மறுபடி உட்கார வேண்டும், அதுவரை எதையும் மாற்ற முடியாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காவது அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நாங்கள் 2013இல் வந்தபோது என் மகளுக்குப் பரிசோதனை செய்யுங்கள் என்று கெஞ்சினோம். "காத்திருந்து பார்ப்போம்" என்றே இரண்டு வருஷம் ஓட்டினார்கள். டெக்சாஸில் 2004 முதலே, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற மாதிரி ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். 2016இல் செய்தித்தாளில் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 2018இல் மத்தியக் கல்வித் துறை அது சட்ட மீறல் என்று சொன்னது. அதற்குள் என் மகள் நான்காம் வகுப்பு முடித்துவிட்டாள். அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? கார் இல்லை, மனைவிக்கு லைசென்ஸ் இல்லை, 104 டிகிரி வெயிலில் பள்ளிக்கு நடந்தே போவோம்...

ஹரோ_அன்ரி

பிள்ளை, அழாதையும். இங்கே லண்டனில நானும் இதே பாடுதான் பட்டனான். நீர் உடனே கவுன்சிலுக்கு எழுதி இ.எச்.சி. பிளான் கேளும், பிள்ளைக்கு என்னென்ன உதவி வேணுமெண்டு எழுதித் தாற திட்டம். கேட்ட நாளிலயிருந்து 20 கிழமைக்குள்ள அவை முடிச்சுத் தர வேணும். தராட்டில் ட்ரிபியூனல் எண்ட தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதுக்குக் கட்டணமும் இல்லை. நான் கொழும்பிலயிருந்து வந்த புதுசில ஒரு சொல் ஆங்கிலம் கதைக்கத் தெரியாமல் அந்த அறைக்குள்ள ஏழு பேருக்கு முன்னால இருந்த இருப்பை நினைச்சால் இப்பவும் கை நடுங்கும்.

டாலஸ்_சுப்பு

அக்கா, அவர் அமெரிக்காவில் இருக்கிறார் போல. விசா என்கிறாரே.

ஹரோ_அன்ரி

எங்களிட்டயும் விசா இருக்குத்தானே தம்பி.

சன்னிவேல்காரன்

வக்கீல் இல்லாமல் அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். எங்களோடு சிரித்துச் சிரித்துப் பேசி, கடைசியில் வாரம் 20 நிமிஷம் ஸ்பீச் தெரபி கொடுத்தார்கள். வக்கீல் வந்ததும் 90 நிமிஷம் ஆயிற்று.

ராலே_ராணி

நான் நேர் எதிராகச் சொல்வேன். முதல் மீட்டிங்குக்கே வக்கீலோடு போனால் மறுநாளே பள்ளியும் தன் வக்கீலை உட்கார வைத்துவிடும். அதற்கப்புறம் டீச்சர் உங்களிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னொன்று, சாதாரண ஐ.இ.பி. (பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங்குக்கு வக்கீல் வந்த செலவைப் பின்னால் வழக்கில் ஜெயித்தாலும் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நான் வீட்டில் செய்த முறுக்கு கொண்டு போனேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சன்னிவேல்காரன்

முறுக்குக்கு ஓ.டி. தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) கிடைக்குமா மேடம்? என் பையன் ஒரு வருஷம் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

நெல்லைத்தம்பி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்பெஷல் எஜுகேஷன் என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால் கல்லூரி வரைக்கும் துரத்தும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். பேசாமல் ஊருக்கே திரும்பிப் போய்விடலாமே? தாத்தா பாட்டியோடு இருந்தால் பேச்சு தானாக வரும். என் சித்தப்பா பையனும் நான்கு வயது வரை பேசவில்லை, இப்போது வாயை மூடுவதில்லை.

ராலே_ராணி

தம்பி, அந்த "தானாக வரும்" என்ற பேச்சைக் கேட்டே நான் இரண்டு வருஷம் தொலைத்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் ஐ.இ.பி. இருந்ததைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. ஐ.இ.பி. பள்ளிப் படிப்போடு முடிந்துவிடும். ஆபீஸ் ஆளிடம் போய்ச் சொல்லுங்கள்.

மிச்சிகன்_மீனா

எங்களிடம் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். ஆங்கிலம் மட்டும்தானாம், இரண்டு மொழி குழப்புமாம். ஆறு மாதம் நிறுத்தினோம். ஆங்கிலமும் வரவில்லை, பாட்டியோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் போயிற்று. பிறகு வந்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இரண்டு மொழியால் கெடுதல் இல்லை, உங்களுக்கு எந்த மொழி இயல்போ அதில் பேசுங்கள் என்றார். அதோடு விட்டதா? ஊர்த் தமிழ்ப் பள்ளியில் கேட்டால், "மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு" என்றார்கள். நம்மவர்களே!

டாலஸ்_சுப்பு

அதைச் சொல்லுங்கள். பொங்கல் விழாவில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டதற்கு ஒரு மாமி, "செல்லம் அதிகமோ" என்று கேட்டார். பொங்கலைச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பிஸ்காட்டவே_கலா

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். அவர் எந்த மாநிலம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி, எந்த மாநிலம்? இதற்கு முன் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, என்றைக்கு? பரிசோதனை ரிப்போர்ட் கையில் வந்ததா?

தூக்கமில்லாஅம்மா

ஐயோ, சொல்லவில்லையா? நியூ ஜெர்சி அக்கா. அக்டோபர் 20 அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் மூன்று பேர் தனித்தனியாக அவனைக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். ரிப்போர்ட் எதுவும் வரவில்லை, மீட்டிங்கில் விளக்குவோம் என்றார்கள். அவனுக்கு வீட்டில் தமிழ்தான். ஆங்கிலத்தில் கலர், நம்பர், கார்ட்டூன் வசனம், அவ்வளவுதான்.

பிஸ்காட்டவே_கலா

இப்போதுதான் விஷயம் புரிகிறது. நான் வக்கீல் இல்லை. 2011 முதல் என் மகனுக்காக இந்த மேசைகளில் உட்கார்ந்து எழுந்த அம்மா, இப்போது மற்ற அம்மாக்களோடும் போய் உட்காருகிறேன்.

நீங்கள் அக்டோபரில் போட்டது பரிசோதனைக்கான சம்மதம். இங்கே அன்றிலிருந்து 90 நாட்காட்டி நாளுக்குள் அவர்கள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அதனால்தான் இந்த அவசரம், உங்கள் பையனுக்காக இல்லை. வியாழக்கிழமை நடக்கப்போவது அவனுக்குச் சிறப்புக் கல்வி பெறும் தகுதி இருக்கிறதா என்று முடிவு செய்யும் மீட்டிங். அதோடு சேர்த்தே ஐ.இ.பி.யையும் எழுதிவிடப் பார்ப்பார்கள். ஆனால் நியூ ஜெர்சி விதிப்படி, தகுதி மீட்டிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்கள் கையில் இருக்கும் முதல் துருப்பு இதுதான்.

இன்று ராத்திரியே, பள்ளியில் உங்கள் பையனின் ஃபைலைக் கவனிக்கும் கேஸ் மேனேஜருக்கு மெயில் போடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. "ரிப்போர்ட் 10 நாள் முன்பு கிடைக்காததால் மீட்டிங்கைத் தள்ளி வையுங்கள்" என்று இதே காரணத்தைச் சொல்லியே எழுதுங்கள். வெறுமனே தள்ளி வையுங்கள் என்று எழுதினால், தாமதம் அம்மாவால் என்று ஃபைலில் ஏறிவிடும்.

அதே மெயிலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வரும் என்று தெரிகிறது. ஆனாலும் "சைக்கோமெட்ரிக்" "பர்சென்டைல்" என்று கொட்டும்போது தாய்மொழியில் கேட்பது வேறு. நடப்பது பெற்றோருக்குப் புரிவதற்கு வேண்டியதைச் செய்வது பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கடமை. தமிழ் என்று தெளிவாக எழுதுங்கள், இந்தியா என்றதும் எனக்கு ஓர் இந்தி மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். அவரும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

அடுத்தது முக்கியம். மத்திய சட்டமான ஐ.டி.இ.ஏ., பிள்ளையின் தாய்மொழியில் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது, அது நடைமுறையில் முடியவே முடியாது என்றால் தவிர. ஆங்கிலம் போதாததையே காரணமாக வைத்து ஒரு பிள்ளைக்குக் குறைபாடு என்று முடிவு கட்டவும் கூடாது. ஆகவே எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ரிப்போர்ட்டோடு உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், மாவட்டத்தின் செலவில் வெளி நிபுணரின் பரிசோதனை கேட்கலாம். மாவட்டம் ஒன்று செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் 20 நாளுக்குள் தங்கள் பரிசோதனை சரியென்று நிரூபிக்க டியூ ப்ராசஸ் விசாரணைக்கு, அதாவது நீதிபதி முன் நடக்கும் முறையான விசாரணைக்குப் போக வேண்டும்.

ஊர் ரிப்போர்ட் செல்லாது என்று தள்ளிவிட முடியாது. அதன்படிதான் நடக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் பெற்றோர் கொடுப்பதைப் பரிசீலித்தாக வேண்டும். பிரதியை மெயிலில் இணைத்து அனுப்புங்கள். யூ.டி.ஐ.டி. அட்டைக்கு இங்கே வேலை இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து. வருகைப் பதிவுக்குப் போடுவது வேறு, சம்மதம் வேறு. முதல் ஐ.இ.பி.யை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர்கள் தொடங்கவே முடியாது. "வீட்டில் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்காகப் பள்ளியை விட்டு எடுக்க முடியாது, அவன் இப்போதிருக்கும் வகுப்பிலேயே இருப்பான். ஆனால் மொத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ஸ்பீச், ஓ.டி. எதுவும் தொடங்காமல் போகும். அடுத்த வருஷம் முதல் கவனமாக இருங்கள். முதல் ஐ.இ.பி.க்குப் பின் வரும் மாற்றங்கள் இங்கே நோட்டீஸ் கொடுத்து 15 நாளில் தானாக நடைமுறைக்கு வந்துவிடும், அதற்குள் நீங்கள் மீடியேஷனோ (சமரசப் பேச்சு) டியூ ப்ராசஸோ கேட்டால்தான் நிற்கும். சுப்பு சொன்ன 10 நாள் டெக்சாஸ் கணக்கு.

தனி வகுப்பு விஷயம். சில பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது, என் மகனே இரண்டு வருஷம் அங்கே இருந்தான். ஆனால் அதை முதல் வழியாக நீட்டக் கூடாது. உதவியாளர், இரைச்சல் குறைக்கும் ஹெட்போன், இடைவேளை என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தும் சாதாரண வகுப்பில் முடியவில்லை என்றால்தான் வெளியே எடுக்கலாம். நம் மாநிலத்திலேயே கிளெமென்டன் என்ற ஊரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ரஃபேல் ஓபர்ட்டி என்ற 8 வயதுப் பையனின் பெற்றோர் இதற்காக வழக்குப் போட்டு, 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். "இங்கே என்னென்ன முயன்று பார்த்தீர்கள், எத்தனை நாள்?" என்று மட்டும் கேளுங்கள். அறை அமைதியாகிவிடும்.

வக்கீல் இப்போதைக்கு வேண்டாம். ஸ்பான் என்ற பெற்றோர் அமைப்பு இலவசமாக உதவும். டிசெபிலிட்டி ரைட்ஸ் நியூ ஜெர்சியையும் கூப்பிடுங்கள். உங்கள் குழந்தையைத் தெரிந்த யாரையும் கூட அழைத்துப் போகலாம், அது உங்கள் உரிமை. வழக்கு வரை போனால், இங்கே 2008 முதல் நிரூபிக்கும் சுமை மாவட்டத்தின் மேல்தான்.

விசா. இது உங்கள் வீட்டுக்காரருக்கு. பள்ளியில் கிடைக்கும் சிறப்புக் கல்வி பப்ளிக் சார்ஜ் கணக்கில், அதாவது அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று குடியேற்றத் துறை பார்க்கும் கணக்கில் வராது. 2019இல் அந்த விதியை இறுக்கியபோதுகூட இதை விலக்கித்தான் வைத்தார்கள். அவரையும் மீட்டிங்குக்கு வரச் சொல்லுங்கள். அப்பா வந்து பேசாமல் உட்கார்ந்தாலே போதும், நாற்காலி எண்ணிக்கை கூடும்.

சன்னிவேல்காரன்

எல்லாம் சரி அக்கா, ஆனாலும் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசி வைத்துக்கொள்வது...

பிஸ்காட்டவே_கலா

ரிப்போர்ட் கைக்கு வராமல் வக்கீலிடம் எதைக் காட்டுவார் தம்பி?

தூக்கமில்லாஅம்மா

மெயில் ராத்திரி 11 மணிக்கு அனுப்பினேன். கணவர்தான் ஆங்கிலம் திருத்தினார், அதுவே பெரிய விஷயம். காலையிலேயே பதில் வந்துவிட்டது. மீட்டிங் இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் போனில் வருவாராம், தமிழ்தான். ரிப்போர்ட்டும் அனுப்பிவிட்டார்கள், 31 பக்கம்.

ஒன்பதாம் பக்கத்தில், "வாய்மொழிக் கட்டளைகளைப் பின்பற்றவில்லை, சோதனையின் இந்தப் பகுதி இடையில் நிறுத்தப்பட்டது" என்று இருக்கிறது. கட்டளைகளை எந்த மொழியில் சொன்னார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. நேற்று சமையலறையிலிருந்து "கண்ணா, தாத்தா கண்ணாடியை எடுத்து டிவி பக்கத்தில் வை" என்றேன். எடுத்து வைத்தான். கணவர் அதை வீடியோ எடுத்தார்.

பிஸ்காட்டவே_கலா

அந்த வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டு மீட்டிங்குக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தேதியும் எழுதுங்கள். கூடவே வெளிப் பரிசோதனைக்கான கடிதத்தையும் எழுதிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேரம் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தைத் தனியாக பிரிண்ட் எடுத்து வையுங்கள்.