கான்ஜுரிங் 2: பயம் அந்த வீட்டிலா, கன்னியாஸ்திரியிலா?

தாராவி செல்வன்:
பேய் வீட்டுப் படம் என்றாலே ஊருக்கு வெளியே ஒரு பங்களா. கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஏன் என்று படமும் சொல்லாது. கான்ஜுரிங் 2 அப்படி இல்லை. லண்டனின் வடக்கே என்ஃபீல்டில் ஒரு கவுன்சில் (உள்ளாட்சி) வாடகை வீடு. கணவன் விட்டுப் போன பெக்கி, நாலு பிள்ளைகள். மும்பையில் வீடு மாறுவது என்றால் டெபாசிட், தரகர் கமிஷன், மறுபடி ஒரு 11 மாத அக்ரிமென்ட். சாலில், அதாவது மும்பையின் நெருக்கமான வரிசைக் குடியிருப்பில், ஒரே அறையில் வளர்ந்தவனுக்கு பெக்கி ஏன் அங்கேயே கிடந்தாள் என்று யாரும் விளக்க வேண்டாம். முதல் பாகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய படம்.

மாட்டுங்கா மீனா:
வீட்டைப் பற்றிச் சொன்னது சரி, செல்வன். ஆனால் இயக்குநர் ஜேம்ஸ் வானுக்கே அந்த வீட்டின் மேல் நம்பிக்கை இல்லையே! முதல் படம் 112 நிமிடம், இது 134. கூடுதல் நேரம் எங்கே போனது? கன்னியாஸ்திரி உருவத்தில் ஒரு பிசாசு, நெட்டையாகக் கோணி நடக்கும் இன்னொன்று. அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போன ஒரு கிழவனின் ஆவியே போதும். அவனை வேறொன்றின் கைப்பாவை ஆக்கியதும் எனக்குப் பயம் போய்விட்டது.

செம்பூர் ராகவன்:
அக்கா, அந்தப் பேட்டிக் காட்சியை மறந்துவிட்டீர்களா? கிழவனின் குரலில் பேசுவது அவளேதானா என்று சோதிக்க, பெக்கியின் மகள் ஜேனட்டின் வாயில் தண்ணீர். மனைவியோடு பேய்களை ஆராய வந்த எட் வாரன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவர் முகத்தைவிட்டு நகர்வதே இல்லை. பின்னால் ஜேனட் மங்கலாகத் தெரிகிறாள், பேசப் பேச அந்த உருவம் கிழவனாக மாறிக்கொண்டே போகிறது. வெட்டு இல்லை, திடுக்கென்று ஒரு சத்தமும் இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே நான் செல்வன் அண்ணன் பக்கம்.

மாட்டுங்கா மீனா:
அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் எட் வாரன் எதற்கு? இது நிஜச் சம்பவம்; 1977 ஆகஸ்டில் அந்த வீட்டில் தொந்தரவு தொடங்கியபோது போய் நின்றவர்கள் அமானுஷ்ய ஆய்வாளர்களான மாரிஸ் க்ரோஸும் கை (Guy) ப்ளேஃபேரும். நாற்காலி நகர்ந்ததைப் பார்த்தேன் என்று ஒரு பெண் போலீஸே சொன்னார். வாரன் தம்பதி அழைக்காமல் வந்து எட்டிப் பார்த்தவர்கள் என்று ப்ளேஃபேர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் அவர்கள்தான் ரட்சகர்கள். க்ரோஸ் ஓரமாக நிற்கிறார்.

தாராவி செல்வன்:
கதாநாயகன் யார் என்பது தொடர் படத்தின் கட்டாயம், அதை விடுங்கள். ஜேனட் ஏமாற்றுகிறாளா என்ற சந்தேகத்தைப் படம் மறைக்கவில்லையே. சமையலறையை அவளே நொறுக்குவது கேமராவில் பதிவாகிறது, எல்லோரும் கைவிட்டுக் கிளம்புகிறார்கள். அப்புறம் ரயிலில் அந்தக் குரலைப் பதிவுசெய்த இரண்டு டேப்பும் ஒன்றாக ஓடும்போதுதான் அவள் உதவி கேட்டது தெரிகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை சொல்வதை யார் நம்புகிறார்கள் என்பதுதான் இந்தக் கதையே.

மாட்டுங்கா மீனா:
எனக்கு உறுத்துவதே அதுதான். நிஜ ஜேனட்டுக்கு அப்போது 11 வயது. சிலதை நாங்களே செய்தோம், சுமார் 2 சதவீதம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். மற்றதெல்லாம் நடந்தது என்பதிலும் உறுதியாக நின்றார். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! படம் அந்த 2 சதவீதத்தையும் பிசாசின் தலையில் கட்டி அவளை அப்பழுக்கற்றவள் ஆக்கிவிட்டது.

செம்பூர் ராகவன்:
ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிஜப் படங்களையும் நிஜ ஒலிப்பதிவையும் போடுகிறார்களே, அக்கா.

மாட்டுங்கா மீனா:
அதற்குள் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு வந்திருப்பார்கள், தம்பி. அந்தக் குரலைப் படத்தின் நடுவில், எந்த இசையும் இல்லாமல், இரண்டு நிமிடம் ஓடவிட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.