டெப்த் சார்ட்டில் மூன்றாவது பெயர் எதற்கு?

வெள்ளவத்தை வாசி:
அமெரிக்காவின் சான் ஹோசேயில் இருக்கும் அண்ணாவின் மகன் ஃபோர்ட்டிநைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (NFL) அணி என்றால் உயிரை விடுவான். அவர்களுடைய டெப்த் சார்ட்டை, அதாவது எந்த இடத்துக்கு யார் யார் என்று எழுதிய பட்டியலை அனுப்பி, "பாருங்கோ சித்தப்பா" என்றான். ஒவ்வொரு இடத்துக்கும் நேரே இரண்டு, மூன்று பெயர்கள். களத்தில் நிற்பது 11 பேர்தானே, பிறகு எதற்கு 53 பேர்? ஹவ்லொக் பார்க்கில் றக்பி பார்த்து வளர்ந்தவன் நான். 15 பேர், வெளியே எட்டுப் பேர், அவ்வளவுதான் எனக்குப் பழக்கம்.

தெஹிவளை 10:
தாக்க ஒரு 11, தடுக்க வேறு 11. பந்தை உதைக்கும் கட்டங்களுக்கு இன்னொரு கூட்டம். றக்பியில் போல ஒரே ஆள் ஓடி, பிடித்து, விழுத்துவதில்லை. 53 வேகமாகக் கரைந்துவிடும்.

பாமன்கடை லைன்மேன்:
வாசி அண்ணா, டெப்த் சார்ட்டைத் தரவரிசையாகப் பார்க்காதீர்கள். "இவன் விழுந்தால் அடுத்தது யார்?" அதற்கான பதில்தான் அது. உங்கள் பெறாமகனின் அணியே இதற்குச் சாட்சி.

2022 ட்ராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வு) கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்டவர் புரோக் பர்டி. சீசன் தொடங்கும்போது குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வரிசையில் மூன்றாவது பெயர். இரண்டாவது வாரம் முதல் பெயரான ட்ரே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. டிசம்பரில் இரண்டாவது பெயரான ஜிமி கரோப்பலோவின் பாதம் முறிந்தது. அதே ஆட்டத்தில் பர்டி இறங்கி வென்றார், பிறகும் தொடர்ந்து வென்றுகொண்டே போனார்.

2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் அரையிறுதி மாதிரியான ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே பர்டியின் முழங்கை போனது. பதிலுக்கு வந்த ஜொஷ் ஜோன்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆள் இல்லை! சரியாக எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்தார். 31-7 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது. அந்த வருடமே விதி மாறியது: மூன்றாவது குவாட்டர்பேக்கை அன்றைய எண்ணிக்கைக்கு வெளியே தயாராக வைத்திருக்கலாம், ஆனால் மற்ற இருவரும் ஆட முடியாமல் போனால்தான் இறக்கலாம்.

வெள்ளவத்தை வாசி:
அன்றைய எண்ணிக்கை என்றால்? 53 பேரும் ஆட முடியாதா?

பாமன்கடை லைன்மேன்:
முடியாது. 48 பேர்தான் ஆட்ட உடையோடு தயாராக நிற்கலாம், அதுவும் அதில் எட்டு ஒஃபென்சிவ் லைன்மேன் (தாக்கும்போது முன்வரிசையில் நின்று மறிப்பவர்கள்) இருந்தால். இல்லாவிட்டால் 47. 53 பேரைத் தவிர பிராக்டிஸ் ஸ்குவாட் என்ற பயிற்சிக் குழுவில் 16 பேர். வாரம் முழுக்கப் பயிற்சி எடுப்பார்கள், அதில் இரண்டு பேரை ஓர் ஆட்டத்துக்கு மேலே எடுக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது லோங் ஸ்னாப்பரின் வரியைத்தான். பந்தை உதைக்கும் கட்டங்களில் குனிந்து நின்று, கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிவது மட்டும்தான் அவன் வேலை. அநேகமாக அங்கே ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அவன் காயப்பட்டால் வேறு இடத்துக்காரன் யாராவது வந்து எறிய வேண்டும், அப்போது உதை சரிவருமா என்று எல்லாருக்கும் பதற்றம். அந்த ஒற்றைப் பெயருக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

தெஹிவளை 10:
அணியின் தளத்தில் போடுகிற சார்ட்டை முழுக்க நம்ப வேண்டாம், பெரும்பாலும் "அதிகாரபூர்வமற்றது" என்றே போட்டிருக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மதியம் 1 மணி ஆட்டம் என்றால் ஒக்டோபரில் நமக்கு இரவு 10.30. அன்று ஆடாதவர்களின் பட்டியல் ஒன்றரை மணித்தியாலம் முன்னால், 9 மணிக்கே வந்துவிடும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சார்ட்டைப் பாருங்கள்.