மலைப்பாதையில் மின்சார வாகனம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தலவாக்கலை டீச்சர்

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். சென். கிளேயர் அருவிப் பக்கத்து வளைவுகளை அறிந்தவர்களுக்கு அங்கே நடைபாதை கிடையாது என்று தெரியும். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் பள்ளம். மழை, பனிமூட்டம் வேறு.

எங்கள் பிள்ளைகள் வாகனத்தைக் காதால் கேட்டுத்தான் ஒதுங்குகிறார்கள். லொறி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு இறங்கும்போதே, அது எந்த வளைவில் வருகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அன்று ஒரு சத்தமும் இல்லை. கடைசியாக வந்த சிறுமியின் குடை திடீரென்று கையை விட்டுப் பறந்து கானுக்குள் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளை மின்சாரக் கார் எங்களைக் கடந்து போகிறது. அதன் பக்கக் கண்ணாடி குடைக்கம்பியில் தட்டியிருக்கிறது. பிள்ளை அழவில்லை. "டீச்சர், அது எங்கேயிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

கார் வேகமாகவும் வரவில்லை. மணிக்கு 30 கிலோமீற்றர் இருக்கலாம். வேகமாக வந்திருந்தால் சாரதியைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இந்த வாகனங்களில் செயற்கைச் சத்தம் வைத்திருக்கிறார்களே என்று தேடிப் படித்தேன். ஐ.நா. ஒழுங்குவிதி 138 அந்தச் சத்தத்தை மணிக்கு 20 கிலோமீற்றர் வரைதான் கேட்கிறது. அமெரிக்க விதி ஏறத்தாழ 30 வரை. அதற்கு மேலே டயர் உருளும் சத்தமே போதும் என்பது அவர்கள் கணக்கு. மழையும் அருவியும் சேர்ந்து இரையும் வளைவில் டயர்ச் சத்தம் எந்தப் பிள்ளைக்குக் கேட்கும்?

மலைப்பாதைச் சாரதி

டீச்சர், நீங்கள் வெளியே நின்று பட்டதை நான் உள்ளே இருந்து பட்டேன். முதலாளியின் மின்சாரக் காரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கினேன். தங்கிய இடத்தில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு நூறு வீதம் நிரப்பி வைத்திருந்தார்கள். நல்லது செய்ததாகத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

மின்சாரக் காரில் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும். அந்த மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும். ஏற்கெனவே நிரம்பிய பாட்டரி அதை எங்கே வாங்கும்? லபுக்கலை தாண்டி ஒரு வளைவில் காலை எடுத்தேன். கார் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் தேயிலைக் கொழுந்து லொறி. பிரேக்கை மிதித்துச் சமாளித்தேன், ஆனால் அதற்குப் பிறகு இறக்கம் முழுவதும் கால் பிரேக்கிலேயே இருந்தது. சுரங்கப்பாதைக்குக் கிட்ட நிறுத்தியபோது முன் சக்கரங்களிலிருந்து எரிந்த வாடை. பின் சீற்றில் இருந்த அம்மா ஜன்னலைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கினால் ஆறு அலகு மின்சாரத்துக்கும் சற்றுக் கூடுதலான சக்தி வெளிப்படும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றாலும், மிச்சம் பாட்டரிக்குள் போக முடியாவிட்டால் பிரேக்கில்தான் வெப்பமாக ஏறும். மலை உச்சியில் சார்ஜ் போடுகிறவர்கள் 80 வீதத்தோடு நிறுத்துங்கள்.

பண்டாரவளைவாசி

எல்லாப் பழியையும் மின்சாரக் கார் மீது போடுவதை ஏற்க முடியாது. 2025 மே 11 அன்று கொத்மலை, கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பஸ், டீசல் பஸ். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் விழுந்ததும் டீசல் பஸ்தான். சாரதி அண்ணா சொன்ன பிரேக் சூடு டீசல் வாகனங்களில் நாம் எல்லோரும் அறிந்ததே. சாதாரண நாளில் மின்சாரக் காரின் மோட்டார் இழுவை பிரேக்கைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னுடைய அனுபவம் சிறியது. தோட்டப் பாதையில் ஏறும்போது ஒரு கல் காரின் அடியில் இடித்தது. பாட்டரி இருப்பது அங்கேதான். கராஜில் மெக்கானிக் பாஸ் படுத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்றார். அவர் பார்த்தது வெளி மூடியை. உள்ளே என்ன ஆனது என்று யாரிடம் கேட்பது?

எனவே மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அடியில் பலமாக இடித்தால் அன்றிரவு காரை வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள், வெட்டவெளியில் நிறுத்துங்கள். சேதமான லித்தியம் பாட்டரி உடனே எரியாமல் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் கழித்தும் எரியலாம். சீறும் சத்தம், வழக்கமில்லாத இரசாயன வாடை, அடியிலிருந்து வெண்புகை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லோரும் விலகிவிட வேண்டும். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். அந்தப் புகை நச்சு. ஒரு வாளித் தண்ணீரால் அணையாது. நெருப்பு அடங்கியதுபோல் தெரிந்து மறுபடியும் பிடிக்கும். தீயணைப்பு வண்டி வந்தால் இது மின்சார வாகனம் என்பதை முதலில் சொல்லுங்கள். வாங்குமுன் பாட்டரி வகையையும் கேளுங்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை, நிக்கல் கலந்த வகையைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

வெலிமடை வீதி

மண் சரிந்து ரோட்டின் இடது ஓரம் போயிருந்தது. ஆட்கள் கல்லை அடுக்கி, மரக்கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மலையில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் அறிவிப்புப் பலகை தேவையில்லை. நான் நண்பனின் புதிய காரில் முன் சீற்றில் இருந்தேன். அவன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்புகிறான், கார் இடப்பக்கம் இழுக்கிறது. ஓரத்து வெள்ளைக் கோடு பள்ளம் வரைக்கும் நேராகப் போகிறது அல்லவா, கோட்டுக்குள் காரை வைத்திருக்கும் வசதி அதையே பிடித்துக்கொண்டது. அவன் பலமாக வெட்டித் திருப்பினான், தப்பினோம். அவன் கை முட்டிகள் வெளுத்திருந்தன.

தானாக ஓடும் கார் நம் வீதிகளுக்கு இன்னும் வரவில்லை. வந்திருப்பவை இப்படிப்பட்ட உதவி வசதிகளே. ஆனால் 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஊபர் நிறுவனத்தின் தானோடிச் சோதனைக் கார் ஒரு பெண்ணைக் கொன்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்தவரை அந்தக் கணினி ஏதோ ஒரு பொருள், வாகனம், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதே அதன் நிரலில் இல்லை. தலையில் விறகுக்கட்டோடு கடக்கும் நம் பெண்களை அது என்னவென்று எடுத்துக்கொள்ளும்? டெஸ்லாவின் தானோட்ட வசதி பனிமூட்டத்திலும் கண்கூசும் வெயிலிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று அமெரிக்க வீதிப் பாதுகாப்பு அதிகாரிகள் 2024 ஒக்டோபரில் விசாரணை தொடங்கினார்கள். நம் ஊரில் பனிமூட்டம் இல்லாத மாதம் எது?

லயத்துப் பிள்ளை

கார் கதைகளுக்கு நடுவில் ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணா மின்சார ஸ்கூட்டரை ஜன்னல் வழியாக வயர் இழுத்து இரவில் சார்ஜ் போடுவார். ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாடையில் எழுந்தோம். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாயி படுத்திருந்தார்.

தலவாக்கலை டீச்சர்

பண்டாரவளை ஐயா, டீசல் பஸ் எத்தனை உயிர்களைக் கொன்றது என்பது எனக்கும் தெரியும். என் மாணவி ஒருத்தி கெரண்டி எல்லவில் உறவினரை இழந்தவள். நான் எழுதியது சத்தத்தைப் பற்றி. அதற்கு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வளைவில் ஹோர்ன் அடிப்பதை அநாகரிகம் என்று நினைக்கிறார்கள். இங்கே அடிக்க வேண்டும்.

சாரதி அண்ணா, நீங்கள் தங்கும் இடத்தில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தச் சொன்னீர்களா?

மலைப்பாதைச் சாரதி

சொன்னேன் டீச்சர். இப்போது இறங்கும் கார் என்றால் 80 வீதத்தில் கழற்றிவிடுகிறார்கள். ஹோர்ன் விஷயத்தை மற்ற சாரதிகளிடம் நான் பேசுகிறேன். அது எந்த வளைவு என்று சரியாகச் சொல்லுங்கள், தலவாக்கலையிலிருந்து வரும்போது அருவி பார்க்கும் இடத்துக்கு முன்னாலா, பின்னாலா?