மறு: டாக்ஸிங் – ‘தகவல் கசிவு’ சரிப்படாது

அன்புள்ள குழுவினருக்கு,

ஒருவரின் முகவரி, கைப்பேசி எண் போன்றவற்றைத் தேடித் திரட்டி, அவருக்குத் தொல்லை தருவதற்காக இணையத்தில் போடுவதை ஆங்கிலத்தில் டாக்ஸிங் (doxing) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> டாக்ஸிங் = தகவல் கசிவு. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒப்பவில்லை. குழாய் கசிந்தால் யாரைத் திட்டுவோம்? சரியாக மூடாத வீட்டுக்காரரைத்தான்.

இங்கே பெங்களூர் ஹலசூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவி, இணையத்தில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவாள். மைக்கில் பெண்குரல் கேட்டதுமே “துப்பாக்கிய வச்சிட்டுப் போய் தோசை சுடு” என்பார்கள். தினப்படிக் கூத்து அது. அவள் தோழிகள் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். இவள் அணைக்கவில்லை, ஜெயித்தும் காட்டினாள். தோற்ற அணியில் ஒருவன் அவள் கைப்பேசி எண், கல்லூரி, தெருப் பெயர் எல்லாவற்றையும் தேடித் திரட்டி ஒரு குழுவில் போட்டுவிட்டான். விடிய விடிய அழைப்புகள். “என் தகவல் கசிஞ்சிருச்சும்மா” என்று வீட்டில் சொன்னாள். அம்மா கேட்டது: “நீ எதுக்குடி கண்டவனுக்கும் நம்பரைக் குடுத்தே?”

> அப்படியானால் ‘அந்தரங்க வெளியீடு’?

அந்தரங்கம் என்றதும் நம் ஆட்கள் படம், வீடியோ என்றுதான் நினைப்பார்கள். அது வேறு குற்றம். முகவரி ஒன்றும் ரகசியமில்லை, கூரியர்காரருக்குக்கூடத் தெரியும். ஆங்காங்கே கிடப்பதைச் சேர்த்து, வெறியில் இருக்கும் கும்பலின் கையில் கொடுப்பதுதான் டாக்ஸிங். 2014-இல், வீடியோ கேம் துறைப் பெண்களைக் குறிவைத்து இணையத்தில் எழுந்த கேமர்கேட் கூச்சலின்போது அமெரிக்க வீடியோ கேம் வடிவமைப்பாளர் பிரியானா வூவின் வீட்டு முகவரியை இப்படித்தான் போட்டார்கள். கொலை மிரட்டல் வர, அவர் வீட்டைவிட்டு வெளியேறினார்.

என் பரிந்துரை ‘ஆள்காட்டல்’. வினையாகவும் வரும்: “அவளை ஆள்காட்டிவிட்டான்.” செய்தவன் ஆள்காட்டி.

> ஆள்காட்டி விரல், ஆள்காட்டிக் குருவியோடு குழம்பாதா?

விரலின் வேலையும் அதுதானே. குருவிதான் பாவம், ஆளைக் கண்டதும் கத்துவதைத் தவிர அது ஒரு தப்பும் செய்யவில்லை.

> டாக்ஸிங் என்றே எழுதினால் என்ன?

1998-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது, ஏதோ கேலி கிண்டல் மாதிரி. 2002 திருத்தத்தில்தான் அது ‘பெண்ணைத் துன்புறுத்தல்’ ஆனது. டாக்ஸிங்குக்கு நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயரில் தனிப்பிரிவே கிடையாது. 78-ஆம் பிரிவில் இருப்பது பின்தொடர்தல். ஆக, நடந்ததைப் பாதிக்கப்பட்டவள்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் புகாரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கொடுப்போம், சரி. ஆனால் காவல் நிலையத்துக்குக் கூட வரச் சொல்லி அம்மாவிடம் பேசுவது தமிழில்தானே?

கன்னட நண்பர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். பொய்த்தகவல் கொடுத்து ஒருவர் வீட்டுக்கு ஆயுதப் போலீசை அனுப்பவைக்கும் ஸ்வாட்டிங்குக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே வந்து ‘பொய்ப்புகார்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.